வாயால் பூட்டிய சலூன்

புதிதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் கடைசிவரை வாசிக்கமாட்டீர்கள் என்று எனக்குச் சந்தேகம். மற்றப் பாதிப்பேர் வாசித்துவிட்டு, "இந்த மனிசன் ஓய்வு பெற்றும் அடங்கேல்லை" என்று சிரிப்பீர்கள் என்றும் சந்தேகம். சிரியுங்கோ. சந்தேகப்பட்டுத்தான் முப்பது வருடத்துக்கு மேல் வன்னியில் சம்பளம் எடுத்தேன். பேக்கரிக்காரர் சிரித்தால் மாவில் வண்டு இருக்கிறது என்று நினைப்பேன். சாப்பாட்டுக்கடை முதலாளி "வாங்கோ ஐயா, ஒரு தேத்தண்ணி குடியுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டால், நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறப்பேன். வீட்டில் மனைவி மீன் பொரித்து வைத்தாலும் எப்போது வாங்கினது என்று ஒருதரம் கேட்பேன். அவ அகப்பையைத் தூக்கிக்கொண்டு வருவா.

இந்த வேலைக்குச் சந்தேகம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் என் சந்தேகம் ஒருதரம் ஒரு மனிதனின் கடையைப் பூட்டியது. அதைத்தான் சொல்லப் போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லாமல் விட்டால் நீங்களும் இதையே செய்வீர்கள்.

முதலில் சவர ரேசரைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்களுக்கு அது சின்ன விஷயம். பாதிப்பேர் தாடி விட்டிருக்கிறீர்கள், மற்றவர்கள் வழித்துவிட்டு எறிகிற பிளாஸ்ரிக் சாமான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பழைய இரும்பு ரேசர் இன்னும் இருக்கிறது. ஒரு பிடி, இரண்டு தகடு, நடுவில் பிளேட். பிடியைத் திருகினால் துண்டு துண்டாகக் கழலும். கழற்றுவது யார்? முகம் வழித்து முடிந்ததும் வாளித் தண்ணீருக்குள் ஒருதரம் முக்கி, கிணற்றுக் கட்டில் இரண்டு தட்டுத் தட்டி, ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்கள். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். மேல் தகட்டுக்கு அடியில் சவர்க்காரமும் மயிரும் தோலும் கூழாகக் கிடக்கும். அடுத்த நாள் அதைத்தான் கன்னத்தில் இழுப்பார்கள்.

அதனால் கழற்ற வேண்டும். துண்டு துண்டாகக் கழுவ வேண்டும். பிளேட்டைத் துவாயால் துடைக்கக் கூடாது, கூரும் கெடும், விரலும் போகும். உதறிவிட்டுக் காற்றுப்படும் இடத்தில் காய விட வேண்டும். துருவேறிக் கறள் பிடித்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். ஒருவரின் ரேசர் ஒருவருக்குத்தான், அண்ணன் தம்பி என்றாலும் பொது இல்லை. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். சலூன்காரர்களைக் கூப்பிட்டு, கூட்டம் வைத்து, படம் காட்டி ஊர் ஊராகச் சொன்னவனே நான்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முந்தி, மல்லாவிப் பக்கத்தில் வேலை செய்தேன். ஒருநாள் காலை ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பிமார் மூன்று பேருக்கும் தாடையெல்லாம் சீழ்ப் புண். மூத்தவர் யோகன், நாற்பத்தைந்து வயது, சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்காரர். அவருக்கு முகம் ஒரு பக்கம் வீங்கிக் காய்ச்சலும் பிடித்து, வார்ட்டில் போட்டிருந்தார்கள். தம்பிமார் இரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் தாடையில் மருந்து பூசிக்கொண்டு நின்றார்கள்.

போனதும் நான் கேட்ட முதல் கேள்வியை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன், கவனமாக வாசியுங்கோ.

"எந்தச் சலூனுக்குப் போனனீங்கள்?"

யோகன் வாயைத் திறக்கக் கஷ்டப்பட்டார். "மாரிமுத்துவின்ர சலூனுக்கு. வெள்ளிக்கிழமை. மூண்டு பேரும் போனனாங்கள்."

"வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்?"

"அப்பாவின்ர அந்தியேட்டிக்கு முதல்நாள்."

தகப்பன் செத்துத் துடக்குக் காத்தவர்கள். எங்கள் ஆட்கள் அந்த ஒரு மாதமும் முகம் வழிக்கமாட்டார்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரும்போதுதான் தாடியை எடுப்பார்கள். மூன்று பேரும் ஒன்றாகச் சலூனுக்குப் போயிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் ஒன்றாகப் புண் வந்திருக்கிறது. எனக்கு வேறு என்ன வேண்டும்? குறிப்புப் புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். மோட்டார் சைக்கிளை நேரே மாரிமுத்துவின் சலூனுக்கு விட்டேன்.

மாரிமுத்துவுக்கு ஐம்பது வயது இருக்கும். தகப்பன் தாய் மலையகத் தோட்டத்தில் இருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். மாரிமுத்து இங்கேயே பிறந்து, எங்களோடேயே இடம்பெயர்ந்து, எங்களோடேயே திரும்பி வந்த மனிதர். ஆனாலும் எங்கள் ஆட்களின் வாயில் அவர் இன்னும் "அங்காலை இருந்து வந்தது" தான். என்னுடைய அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்தடிக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர்தான். அதை மட்டும் நாங்கள் கதைப்பதில்லை. என் சந்தேகத்தில் அதுவும் ஒரு பங்கு. அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

சலூன் சின்னது. இரண்டு கதிரை, ஒரு நீளக் கண்ணாடி, ஆட்கள் காத்திருக்க ஒரு வாங்குப் பலகை. மாரிமுத்து என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். "ரேசரை எடும்" என்றேன். எடுத்தார். கழற்றச் சொன்னேன். கழற்றி, ஒவ்வொரு துண்டாக வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். ஊதிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். ஒரு பொட்டு ஊத்தை இல்லை. உங்களுக்கு என்றால் நிம்மதி வந்திருக்கும். எனக்கு மூக்கு வியர்த்தது. இவ்வளவு சுத்தமாக ஒருவனின் ரேசர் இருக்குமோ? ஆரோ போன் அடித்துச் சொல்லிவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

"ஆளுக்கு ஆள் புதுப் பிளேட்டோ?"

"ஆமாங்கய்யா. ஒரு பிளேட்ட கடதாசியோட ரெண்டா ஒடைச்சு, ஆளுக்குப் பாதி. போட்டத மறுபடி போடுறதில்ல."

"அப்ப பழசுகள் எங்கை?"

மூடியில் கீறல் வெட்டின பால்மா ரின் ஒன்றைக் காட்டினார். குலுக்கினேன். உள்ளே நாலைந்துதான் கிடந்து கிலுகிலுத்தது. தினமும் பத்துப் பதினைந்து பேருக்கு முகம் வழிக்கிற கடையில் நாலைந்து பிளேட்!

"மிச்சம்?"

அவருடைய முகம் மாறியதைக் கண்டேன். "பொதைச்சிட்டேங்கய்யா."

"எங்கை புதைச்சனீர்? காட்டும்."

கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மண்வெட்டியால் ஓர் இடத்தில் வெட்டினார். ஒன்றும் இல்லை. இரண்டு முழம் தள்ளி வெட்டினார். அங்கும் இல்லை. தேநீர்க்கடையில் இருந்த ஆட்கள் எல்லாம் கோப்பையோடு வந்து வேலியடியில் நின்று விடுப்புப் பார்த்தார்கள். மாரிமுத்து மண்வெட்டியை ஊன்றி நின்றார். "மழையில அடையாளம் தெரியலீங்கய்யா" என்றார்.

"மழை பெய்து மூண்டு மாதம். சும்மா பேய்க்கதை கதைக்காதையும்!"

ஆளைப் பொய்யில் பிடித்துவிட்டேன். தம்பிமாரே, அந்த நேரம் மனசுக்குள் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது பொல்லாதது. ஒரு பொய்யைப் பிடித்ததும் மற்றதெல்லாம் நிரூபித்தாகிவிட்டது என்று நெஞ்சு துள்ளும். பிளேட்டைப் புதைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. பழைய பிளேட்டையே திரும்பத் திரும்பப் போட்டார், அதனால்தான் மூன்று பேருக்கும் புண் வந்தது என்பதை நானே சேர்த்துக்கொண்டேன்.

"கடையைப் பூட்டும். நான் சொல்லுமட்டும் திறக்கக் கூடாது."

மாரிமுத்து மண்வெட்டியைக் கீழே வைத்தார். "எழுத்தில தருவீங்களாய்யா?"

நியாயமான கேள்வி. எங்களுக்குச் சட்டம் சொல்கிற வழி அதுதான். குறைபாட்டை எழுதிக் கொடுக்க வேண்டும், தவணை கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் நீதிமன்றம் போக வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எழுதினா வழக்கு. கோட்டுக்கு அலையப் போறீரோ? உம்மில இரக்கப்பட்டுத்தான் வாயால சொல்லுறன்."

இரக்கமாம்! நாக்குக் கூசாமல் சொன்னேன். அவர் பத்துப் பேருக்கு முன்னால் கதவை இழுத்துப் பூட்டினார்.

பின்னேரத்துக்குள் ஊர்ப் பொடியளின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அந்தப் பூட்டின கதவின் படம் வந்துவிட்டது. கறள் பிளேட் போட்டாராம், ஒருவர் சாகக் கிடக்கிறாராம், ஆஸ்பத்திரியில் பத்துப் பேராம். பூட்டினது ஒரு வாய், கதைத்தது ஆயிரம் வாய். வாடகைக்குக் கொடுத்திருந்த கடைச் சொந்தக்காரரும் மாரிமுத்துவைக் கூப்பிட்டு, மாத முடிவோடு கடையை விட்டுத் தரும்படி சொல்லிவிட்டார். இருபது வருடமாக அவர் நின்ற இடம் அது. மனைவியும், படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தக் கடையை நம்பித்தான் இருந்தார்கள். இதெல்லாம் என் காதுக்கும் வந்தது. நான் நிமிர்ந்துதான் நடந்தேன்.

எங்கள் அலுவலகத்துக்கு அப்போது புதிதாக ஒரு டொக்டர் வந்திருந்தா. என் மகளை விட வயது குறைந்தவ. நாலாம் நாள் என் குறிப்பை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"அண்டைக்கு அந்தச் சலூனில எத்தினை பேர் சேவ் எடுத்தவை?"

"தெரியாது டொக்டர்."

"அவையில எத்தினை பேருக்குப் புண்?"

"வேற ஒருத்தரும் வரேல்லை."

"அவை வரேல்லையோ, நீங்கள் போகேல்லையோ?"

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நேற்று வந்த பிள்ளை என்னைக் கேள்வி கேட்கிறதோ என்று நினைத்தேன். கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, அரை மணித்தியாலம் வேப்பமரத்துக்குக் கீழே நின்று புறுபுறுத்தேன். ஆனால் கேள்வி மூளையில் முள்ளுப் போல ஏறிவிட்டது. போகத்தான் வேண்டியிருந்தது.

இரண்டு நாள் அலைந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மாரிமுத்துவிடம் முகம் வழித்தவர்களில் ஏழு பேரைப் பிடித்தேன். தாடையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒருவருக்கும் ஒரு பரு கூட இல்லை. ஏழாவது ஆள் ஓய்வு பெற்ற வாத்தியார். யோகன் எழும்பின கதிரையில் அடுத்ததாக இருந்தவரே அவர்தான்.

"அதே ரேசரோ மாஸ்ரர்?" என்று கேட்டேன்.

"என்ன கதைக்கிறீர்? யோகனுக்கு எங்க ரேசர் போட்டது? அவன் தலைமயிர் மட்டும்தானே வெட்டினவன். தம்பிமாரும் அப்பிடித்தான். தாடியோட எழும்பினாங்கள். 'ஏன்ரா தாடியை விட்டிட்டுப் போறாய்?' எண்டு கேட்டனான். 'அது வீட்டில, மாஸ்ரர்' எண்டான்."

நான் யோகனிடம் எந்தச் சலூனுக்குப் போனனீங்கள் என்றுதான் கேட்டிருந்தேன். எங்கே முகம் வழித்தீர்கள் என்று கேட்கவே இல்லை. அவர் நான் கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து யோகனின் வீட்டுக்குப் போனேன். யோகன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மாமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார், வீக்கம் வற்றிவிட்டிருந்தது. தாய் வெள்ளைச் சேலையோடு வந்து கதிரை தந்தா. நான் இருக்கவில்லை.

"முகம் வழிச்ச ரேசரை ஒருக்கால் காட்டுங்கோ அம்மா."

அவ உள்ளே போய், சாமிப்படத் தட்டில் இருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தா. சாமிப்படத் தட்டில் ரேசர்! திறந்தேன். நல்ல பாரமான பழைய ரேசர், பிடி தேய்ந்து போயிருந்தது. திருகினேன். வரவில்லை, கறள் பிடித்து இறுகியிருந்தது. பலம் போட்டுத் திருகியதும் மேல் தகடு கொஞ்சம் எழும்பியது. அடியில் என்ன கிடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்ணிறமான பிளேட், காய்ந்த சவர்க்காரம், அதற்குள் நரை மயிர்.

"இதாலயோ மூண்டு பேரும் எடுத்தவை?"

"ஓம் தம்பி. அவர் கடைசியா முகம் வழிச்சது இதாலதான். வருத்தம் கடுமையாகிறதுக்கு முதல் நாள். தன்ர கையால. பிறகு அப்பிடியே பெட்டிக்குள்ள மூடி வச்சிட்டன். பிள்ளையள் அந்தியேட்டிக்குத் தாடி எடுக்கேக்க, அப்பாவின்ர ரேசராலயே எடுங்கோ எண்டு நான்தான் குடுத்தனான்."

"பிளேட்டை ஏன் அம்மா மாத்தேல்லை?"

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "அவரின்ர மயிர் அதுக்குள்ள இருந்தது. எப்பிடித் தம்பி எறியிறது?"

இத்தனை வருடச் சேவையில் அழுக்குக்கு ஆயிரம் காரணம் கேட்டிருக்கிறேன். சோம்பல் என்பார்கள், தண்ணீர் இல்லை என்பார்கள், நேரம் இல்லை என்பார்கள். இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதே இல்லை. பிறகு டொக்டரிடம் சொன்னபோது அவ, "ஒருத்தரின்ர தோலில இருந்தது மற்றவைக்கும் தொத்தியிருக்கும். சலூனில ஒரு பிழையும் இல்லை" என்றா.

யோகனுக்கு அன்றைக்கு மாமரத்தடியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. "அப்ப மாரிமுத்து?" என்றார். "நீங்கள் சலூன் எண்டு சொன்னதால, அங்க போர்த்தின துண்டில வந்திருக்கும் எண்டு நாங்களும் நினைச்சிட்டம் ஐயா." நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ரேசரை எறியச் சொல்லி உத்தரவு போடவும் வாய் வரவில்லை.

மாரிமுத்துவின் வீட்டுக்கு அன்றைக்குத்தான் முதல்தரம் போனேன். பூட்டினவன் வந்திருக்கிறான் என்று தெரிந்தும் அவருடைய மனைவி "உள்ள வாங்க" என்றுதான் சொன்னா. நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். ஆனால் என் புத்தி பாருங்கோ, அந்த நிலையிலும் ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது.

"பிளேட்டைப் புதைச்சது எண்டு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

நீர், உம்மை என்று கதைத்த வாய் அன்றைக்குத்தான் அவரை நீங்கள் என்றது. மாரிமுத்து குனிந்து கட்டிலுக்குக் கீழே கையை விட்டார். ஒரு பால்மா ரின்னை இழுத்தார். பிறகு இன்னொன்று. பதினாலு ரின், எல்லாவற்றின் கீறலிலும் மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. தூக்கிப் பார்த்தேன், கல்லுப் போலப் பாரம். இத்தனை வருடப் பிளேட்.

"நீங்கதான் கூட்டத்துல பொதைக்கச் சொன்னீங்க. நானும் கடைக்குப் பின்னாலதான் பொதைச்சிக்கிட்டு இருந்தேன். அப்புறம் கண்ணிவெடி எடுக்கிற புள்ளைங்க வந்தாங்க. மெசின வச்சா அந்த எடத்துல ஒரே சத்தம். ஒரு பொம்பளப் புள்ள வெயில்ல முழங்கால் போட்டு, ஒரு நாள் பூரா கொஞ்சங் கொஞ்சமா மண்ணத் தள்ளுச்சு. கடைசியில பாத்தா என் பிளேட்டு. அந்தப் புள்ள அங்கனயே ஒக்காந்து அழுதுருச்சுங்கய்யா. அதுக்கப்புறம் எனக்குப் பொதைக்க மனசு வரல. குப்பை வண்டியில போட்டா அள்ளுறவங்க கை கிழியும். என்ன பண்றதுன்னு தெரியாம இங்கயே வச்சேன்."

"அதைச் சொல்லியிருக்கலாமே!"

"வீட்டில வச்சிருக்கிறது குத்தம்னு நெனைச்சேன். நீங்க பொதைக்கச் சொன்னீங்க, அதனால பொதைச்சிட்டேன்னு சொன்னேன்."

கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருக்கும் மண்ணில் இரும்பைப் புதைக்கச் சொன்ன பெரிய மூளைக்காரன் நான்தான். எங்கேயோ அச்சடித்த துண்டுப் பிரசுரத்தில் இருந்ததை அப்படியே ஒப்புவித்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரியின் ஊசி எரிக்கும் இடத்துக்குச் சலூன் பிளேட்டுகளையும் எடுக்கிற ஒழுங்கை டொக்டர் பிறகு செய்து தந்தா. அந்தப் பதினாலு ரின்னையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நாளைக்கே கடையைத் திறவுங்கோ" என்றேன் மாரிமுத்துவிடம். "நானே முதல் ஆளாக வந்து கதிரையில இருந்து சேவ் எடுக்கிறன். எல்லாரும் பாக்கட்டும்."

அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "நீங்க ஒக்காந்தா ஓசிச் சவரம்னு சொல்லுவாங்க. எனக்குக் கடதாசி வேணுங்கய்யா. கடையில தப்பு இல்லன்னு எழுதிக் குடுங்க. அதத்தான் கடை சொந்தக்காரர்கிட்டக் காட்டணும்."

இங்கேதான் நான் மாட்டினேன். பூட்டினதற்குக் கடதாசி இல்லை. திறக்கிறதற்குக் கடதாசி கொடுப்பதென்றால், நான் அதிகாரம் இல்லாமல் வாயால் பூட்டினேன் என்று என் கையாலேயே எழுத வேண்டும். ஓய்வூதியப் பத்திரங்கள் போக இருக்கிற நேரம். "பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூன்று முழு நாள். டொக்டர் ஒரேயொரு தரம்தான் கேட்டா. "நீங்கள் எழுதினா உங்களிட்டை விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். எழுதாட்டி அவருக்குக் கடை போகும். யோசியுங்கோ." யோசித்தேன். யோசித்து யோசித்துக் காரணம் தேடினேன். மூன்றாம் நாள் அந்தப் பக்கமாகப் போகும்போது, சலூன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கடைச் சொந்தக்காரர் நின்றார். கூட ஒரு பொடியன், போன் திருத்துகிற கடை போடப் போகிறானாம், நீளக் கண்ணாடியைக் கழற்றினால் சுவர் எவ்வளவு வரும் என்று நாடா பிடித்து அளந்துகொண்டு நின்றான். மாரிமுத்து வெளியே வெயிலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு வணக்கம் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அலுவலகத்துக்குப் போய், இருந்த இடத்திலேயே எழுதினேன். பரிசோதனையில் சலூனில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. எழுத்துமூல உத்தரவு இன்றி, போதிய விசாரணை இன்றி, என் வாய்மொழியால் இக்கடை பத்து நாட்கள் பூட்டப்பட்டிருந்தது. தவறு என்னுடையது. கையெழுத்து, திகதி, முத்திரை. டொக்டரும் கீழே ஒப்பமிட்டா. அதன் பலனாக எனக்கு விளக்கக் கடிதமும் வந்தது, எச்சரிக்கையும் வந்தது, ஓய்வூதியமும் மாதக்கணக்கில் இழுபட்டது. அந்தக் கணக்கை விடுவோம், அது என் பாடு.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைச் சொந்தக்காரர் வாசித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு நாடாவைச் சுருட்டச் சொன்னார். "சனம் வந்தா இருங்கோ, வராட்டி மாத முடிவில பாப்பம்" என்றார். மாரிமுத்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"நாளைக்குச் சந்தைங்கய்யா. சனம் வரும். வாயாலதான பூட்டுனீங்க, வாயாலயே தொறந்து விடுங்க."

அடுத்த நாள் காலை, சலூன் வாசலில் நின்று நான் அந்தக் கடிதத்தை வாசித்தேன். மரக்கறிப் பையோடு போனவர்கள் நின்றார்கள். தேநீர்க்கடையில் இருந்து, அன்றைக்கு வேலியடியில் நின்ற அதே ஆட்கள் வந்தார்கள். "தவறு என்னுடையது" என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாசித்து முடித்தேன். பிறகு ஒருவர் கேட்டார்.

"அப்ப புண் எங்கயிருந்து ஐயா வந்தது?"

அதை நான் சொல்ல முடியாது. நோயாளியின் வீட்டு விஷயம். சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டளை, நீங்களும் சொல்லக்கூடாது. "அதைச் சொல்லேலாது" என்றேன். உடனே சனத்தின் முகத்தில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடமாக என் முகத்தில் இருந்த அதேதான். "காசு கைமாறியிருக்கும்" என்று பின்னால் ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். மாரிமுத்து புதுத் துண்டு விரித்த கதிரைக்குப் பின்னால் சும்மா நின்றார். கடதாசியும் வாசித்தாகிவிட்டது, கடை திறந்தும் கிடக்கிறது, உள்ளே வர ஒருவர் இல்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது யோகன் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தாடையில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. படியில் ஏறித் திரும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"புண் எங்கட வீட்டு ரேசரால வந்தது. அப்பாவின்ர ரேசர். பழைய பிளேட்டை மாத்தாம நாங்கள் மூண்டு பேரும் எடுத்தனாங்கள். மாரிமுத்து அண்ணை எங்கட முகத்தில கை வைக்கவே இல்லை."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். சட்டைப் பையில் இருந்து அந்தத் தகரப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "இதை எப்பிடி வச்சிருக்கிறது எண்டு சொல்லித் தாங்கோ அண்ணை. அம்மா எறிய விடமாட்டன் எண்டுறா."

மாரிமுத்து வெள்ளைத் துணியை விரித்தார். பிடியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து, மெதுவாகத் திருகினார். என் கைக்கு முரண்டு பிடித்தது அவருடைய கைக்குக் கழன்று வந்தது. தகட்டில் ஒட்டியிருந்த நரை மயிரைத் தூரிகையால் ஒன்றும் சிந்தாமல் ஒரு கடதாசியில் தட்டினார். அதை நாலாக மடித்து, யோகனின் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்பாவ நீங்க வச்சுக்குங்க தம்பி. பிளேட்ட மட்டும் எங்கிட்டக் குடுங்க."

யோகன் பெரிய உடம்புக்காரர். சின்னப் பிள்ளை போல அழுதார். மாரிமுத்து அவசரப்படுத்தவில்லை, கீறல் வெட்டிய ரின்னை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் நின்ற சனமும் போகாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து யோகன் அந்தக் கறள் பிளேட்டைத் தன் கையாலேயே ரின்னுக்குள் போட்டார். மாரிமுத்து புதுப் பிளேட்டின் கடதாசியை அவருக்கு முன்னாலேயே பிரித்தார்.

நான் வாசலில் நின்றேன். பக்கத்தில் நின்ற வாத்தியார் தன் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்தது நான்" என்று உள்ளே போய் வாங்கில் இருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.